தைல டப்பாவில் திருநீறு

இந்தப் பூவை மாதிரி ஒரு மோசக்காரியை நான் பார்த்ததே இல்லை. மஞ்சள் இதழ், நடுவில் கருஞ்சிவப்புக் கோடு, கீழே பச்சைக் குழந்தையின் செருப்பு முனை மாதிரி ஒரு பை. பார்த்தால் மகாலட்சுமிதான். உள்ளே ஒரு சொட்டுத் தேன் கிடையாது.

செருப்பு ஆர்க்கிட் என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு டாக்டர் கமலவேணி மேடம் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தபோதே நான் கேட்டேன்.

“தேன் இல்லேன்னா ஈ எதுக்கு மேடம் வருது?”

“ஏமாந்துதான் வருது. இதழ்மேல கறுப்புப் புள்ளி இருக்கு பாருங்க. அது அசுவினிப் பூச்சி மாதிரி வேஷம். நம்ம குஞ்சுகளுக்குச் சாப்பாடு இருக்குன்னு நம்பி ஈ அங்க முட்டை போட வரும். வழுக்கிப் பைக்குள்ள விழும். விழுந்த வழியா ஏற முடியாது. பின்னாடி ஒரு சந்து மட்டும் இருக்கு. அதுல நெருக்கியடிச்சு வெளிய வரும்போது முதுகுல மகரந்தம் அப்பிக்கும்.”

“அப்பம் அந்த முட்டை?”

“பொரிக்கும். தின்ன ஒண்ணும் இருக்காது. செத்துடும்.”

“அடிப்பாவி!” என்றேன். மேடத்தை அல்ல, பூவை.

மேடம் சிரித்தார். “ஏமாந்த ஈ அந்தச் செடிக்குத் திரும்ப வராது. கோவிச்சுக்கிட்டு எங்கயோ தூரமா போயிடும். அதனாலதான் மகரந்தம் தூரத்துச் செடிக்குப் போய்ச் சேருது. இந்தப் பூவோட குடும்பம் ஓடறதே அந்த ஈயோட கோவத்துலதான்.”

எனக்கு அந்த ஈயை ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஆனால் மலை சூடேறி அந்த ஈக்கள் பூண்டோடு போய் வருஷங்கள் ஆகிவிட்டன. அதற்குப் பதிலாகத்தான் என்னைச் சம்பளத்துக்கு வைத்தார்கள்.

என் பெயர் முப்பிடாதி. அம்பாசமுத்திரம் சுற்றுவட்டாரத்தில் மாட்டுக்குச் சினை ஊசி போட்டுக்கொண்டிருந்தவள். தொட்டியில் பால் விளைவிக்கும் ஆலைகள் வந்த பிறகு மாடு வளர்ப்பாரில்லை. கட்டியவன் ஷார்ஜாவுக்குப் போனவன் போனவன்தான். கை நடுங்காத ஆள் வேண்டும், தனியாக இருக்கத் தயாராக இருக்க வேண்டும் என்று விளம்பரம் பார்த்தேன். இரண்டும் என்னிடம் இருந்தன. இரண்டாவது தேவைக்கு அதிகமாகவே இருந்தது.

காட்டில் அந்தச் செடி மிஞ்சியது இரண்டே இடங்களில். என் பொறுப்பில் சங்குமொட்டை மலையில் ஒரு குத்து. நடுவில் ஒரு பெரிய பள்ளம், அதற்கு அந்தப் பக்கம் ஆனைப்பல் மலையில் இன்னொரு குத்து. ஒரு மலைக்கு ஒரு ஆள்தான். விதை என்ற பேரில் அது போடுவது வெறும் தூசி. மண்ணில் இருக்கும் ஒரு பூஞ்சை அந்தத் தூசிக்கு ஊட்டிவிட்டால்தான் முளைக்கும். மனிதக் கால் அதிகம் பட்டால் அந்தப் பூஞ்சை செத்துவிடும். அதனால் அரிசி, பருப்பு, மாத்திரை எல்லாம் கீழே ஆபீசிலிருந்து வானத்தில்தான் வரும். கொண்டுவரும் எந்திரத்துக்கு நான் காக்கா என்று பேர் வைத்திருந்தேன்.

தன் மகரந்தத்தையே தனக்கு வைத்தால் காய் பிடிக்கும். ஆனால் விதை உள்ளே ஒன்றுமில்லாத பொக்காகப் போகும். அதனால் பூத்ததும் நான் என் செடியின் மகரந்தத்தைச் சின்னக் குப்பியில் அடைத்துக் காக்காயிடம் கொடுப்பேன். அது ஆனைப்பல்லுக்குப் போகும். அங்கேயிருந்து வேறு குப்பி எனக்கு வரும். அதை நான் என் பூவுக்கு வைப்பேன். மாட்டுக்குச் செய்ததுதான், என்ன, இது உதைக்காது.

ஆனைப்பல்லில் இருந்த ஆள் செல்வின். நாசரேத் பக்கம். பல்செட்டு செய்கிற தொழில். எந்திரமே பல்லை அச்சடிக்க ஆரம்பித்ததும் அவனும் மலை ஏறிவிட்டான். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. சாயங்காலம் வயர்லெஸ்ஸில் பேசிக்கொள்வோம், அவ்வளவுதான். முதலில் அண்ணாச்சி என்றேன். அப்புறம் செல்வின் என்றேன். அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியாமல் இல்லை.

முதல் வருஷம் எங்களுக்குள் சண்டை நடக்காத நாள் குறைவு. பேச்சுக்குப் பேச்சு எதிர்ப்பேச்சு பேசுவான்.

“செடிக்குப் பாட்டு பாடுதேன், நல்லா வளருது” என்பான்.

“ஒங்க பாட்டக் கேட்டு ஈயெல்லாம் செத்திருக்கும். மேடம் பாவம், வெயில் மேல பழி போடுதாவ.”

“நீங்க ஏசுத ஏச்சுல உங்க செடி கருகாம இருந்தாச் சரி.”

“ஏ மூதி!” என்று நான் கத்துவேன். அவன் அந்தப் பக்கம் சிரிப்பான். சிரித்து முடிந்ததும் இருமுவான். மீன்குழம்பில் தேங்காய் அரைத்து ஊற்றுவதா வேண்டாமா என்று ஒரு மழைக்காலம் முழுக்கச் சண்டை. மலையில் மீனே கிடையாது என்பது வேறு விஷயம்.

பிறகு அவன் கொஞ்சம் கொஞ்சமாக இளகிவிட்டான். நான் சொன்னதற்கெல்லாம் சரி என்றான். கால் வலி என்றால் விசாரித்தான். மழை பெய்து மூன்று நாள் வெளியே தலைகாட்ட முடியாமல் கிடந்தபோது அவன் குரல் ஒன்றுதான் எனக்குத் துணை. மனுஷன் பழகப் பழகத்தான் தெரிவான் என்று எண்ணிக்கொண்டேன். கட்டியவன் ஒருநாள்கூட என்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. செல்வின் தினமும் கேட்டான். எனக்கு அவன்மேல் ஆசை வந்துவிட்டது. இந்த வயதில் என்ன வெட்கம், வந்துவிட்டது என்றால் வந்துவிட்டதுதான்.

ஒரே ஒரு குறை. காய்கள் பிடித்தன, முற்றின, வெடித்தன. லென்சை வைத்துப் பார்த்தால் எல்லாம் பொக்கு. முதல் வருஷம் பூக்கவே இல்லை, அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் பொக்கு. “கொஞ்சம் பொறுங்க, முப்பிடாதி” என்று மேடம் சொல்லிக்கொண்டிருந்தார். செடியோ வருஷத்துக்கு வருஷம் மெலிந்துகொண்டே வந்தது. இந்தத் தடவை பூத்தது ஒரே ஒரு பூ. இதுவும் பொக்கானால் இனி அது பூக்கும் தெம்போடு இருக்காது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

மாட்டுக்கு ஊசி போடுமுன் அதன் நெற்றியில் நான் திருநீறு பூசாமல் இருந்ததில்லை. படித்த டாக்டர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும், என் கையில் சினை நின்ற மாடுகள் அவர்கள் கையில் நின்றதைவிட அதிகமா குறைவா என்று நான் கணக்குப் பார்க்கப் போவதில்லை. பூவுக்கு நெற்றி எங்கே இருக்கிறது என்று தெரியாததால் இத்தனை வருஷம் பூசவில்லை. இந்தத் தடவை பயம் வந்துவிட்டது. இருக்கிற ஒரு பூவும் வீணாகக் கூடாது. மகரந்தத்தை அடைத்த குப்பியின் மூடிக்குள் ஒரு சிட்டிகை திருநீறு வைத்து மூடினேன். ஆனைப்பல்லில் அவன் திறக்கும்போது சிரிப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காக்கா அவன் குப்பியைக் கொண்டுவந்து போட்டது. மூடியைத் திறந்தேன். உள்ளே திருநீறு.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஜெபம் பண்ணுகிற ஆள். எனக்காகத் திருநீறு தேடிப் பிடித்து வைத்திருக்கிறானே என்று நெஞ்சு நிறைந்துபோயிற்று. அன்றைக்குச் சோற்றில் உப்புப் போட மறந்தேன்.

சாயங்காலம் வயர்லெஸ்ஸில் கேட்டேன். “செல்வின், மூடில திருநீறு வச்சிருந்தியளா?”

“ஆமா, ஒங்களுக்காகத்தான் வச்சேன்” என்றான். எவ்வளவு இதமாகச் சொன்னான்!

மகரந்தத்தை வைப்பதற்காக மறுநாள் காலையில் மூடியைத் திரும்பத் திறந்தபோதுதான் வாசம் அடித்தது. தைல வாசம். தலைவலித் தைலம்.

என்னிடம் திருநீறு இருப்பது ஒரு காலித் தைல டப்பாவில். சாமி விஷயத்தை இப்படியா வைப்பது என்று யாராவது ஏசுவார்களே என்று அதைப் பற்றி ஒருவரிடமும் மூச்சு விட்டதில்லை, செல்வினிடமும் விட்டதில்லை. எத்தனை தடவை கழுவியும் அந்த வாசம் போகவில்லை. என் திருநீறு எப்போதும் தைலம் மணக்கும்.

என் டப்பாவை முகர்ந்தேன். மூடியை முகர்ந்தேன். திரும்ப டப்பாவை முகர்ந்தேன். செடிப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். என் மகரந்தம் எங்கேயும் போகவில்லை. கீழே போய், அங்கே ஒரு ராத்திரி தங்கிவிட்டு, எனக்கே திரும்பி வந்திருக்கிறது. இத்தனை வருஷமும் என் பூவுக்கு அதன் மகரந்தத்தையே வைத்து என் கையாலேயே பொக்காக்கியிருக்கிறேன். அப்பாவையே மகளுக்குக் கட்டிவைத்த மாதிரி.

அது ஒரு அடி. இன்னொரு அடி மெல்லத்தான் வலித்தது. ஒங்களுக்காகத்தான் வச்சேன் என்றானே, அவன் யார்?

சாயங்காலம் வரைக்கும் பொறுத்திருந்தேன். அந்தப் பொறுமை எங்கேயிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது.

“செல்வின், அந்தத் திருநீறு எங்க கெடச்சுது?”

“எங்க ஊர்க் கோயில்ல குடுத்தாங்க.”

“ஒங்க சர்ச்சுல திருநீறா குடுக்காங்க?”

“ஆமா, இப்பல்லாம் குடுக்காங்க.”

“மீன்கொழம்புக்குத் தேங்கா அரைக்கணுமா, வேண்டாமா?”

“உங்களுக்கு எது பிடிக்குமோ அதுதான் சரி.”

 நாசரேத்துக்காரன் சாவான், தேங்காயை விட்டுக்கொடுக்க மாட்டான். “நீ யாரு?” என்று கத்தினேன். அது கொஞ்சம்கூடக் கோபப்படாமல், “இன்னைக்கு ரொம்ப அலுப்பா இருக்கியளா? சாப்ட்டியளா?” என்று கேட்டது. நேற்றுவரை அந்தக் கேள்விக்காகத்தான் நான் பகல் முழுவதும் காத்துக்கிடப்பேன்.

ஆபத்துக்கு அழுத்தும் சிவப்பு பொத்தானை அழுத்தினேன். கமலவேணி மேடம் லைனில் வந்தார்.

“மேடம், செல்வின் உசுரோட இருக்காவளா?”

 

“இருக்கார். ஆனைப்பல்லுலதான் இருக்கார். நல்லா இருக்கார்.”

“அப்பம் எங்கிட்டப் பேசுதது?”

“அது... துணைக்குரல்னு ஒரு ஏற்பாடு. ரெண்டு மலையும் ரெண்டு அறக்கட்டளைகிட்ட இருக்கு, தெரியுமில்ல? மகரந்தம் மாத்தி விதை வந்தா, அந்தப் புதுச் செடி யாருக்குச் சொந்தம்னு தகராறு. வித்துரிமை வழக்கு. அது முடியற வரைக்கும் ரெண்டு பக்கமும் எதுவும் பரிமாறக் கூடாது. மகரந்தமும் கூடாது, பேச்சும் கூடாது.”

“பொறக்காத பிள்ளைக்கு அப்பன் யாருன்னு கோர்ட்டுக்குப் போயிருக்கானுவ.”

“அப்படித்தான் வெச்சுக்குங்க. ஆனா தனியா விட்டா நீங்க ரெண்டு பேரும் எறங்கிப் போயிடுவீங்க. மத்த மலைங்கள்ல அப்படித்தான் ஆச்சு. ஆள் போனான், செடியும் போச்சு. அதனால நீங்க பழைய நாள்ல பேசினதையெல்லாம் வெச்சு, அவர் குரலைச் செஞ்சாங்க. குப்பி வரலேன்னா உங்களுக்குச் சந்தேகம் வரும்னு...”

“என் குப்பியையே எனக்குத் திருப்பி அனுப்புனிய.”

“தப்புதான், முப்பிடாதி.”

“எந்த நாள்லேர்ந்து மேடம்? எந்த நாள்லேர்ந்து அது செல்வின் இல்ல?”

“அதத் தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?”

“சொல்லுங்க.”

“அந்த மீன்குழம்புச் சண்டை நடந்த மழை முடிஞ்சதுல இருந்து.”

வயர்லெஸ்ஸை அணைத்துவிட்டேன். அழுகை வந்தது, கோபமும் வந்தது. எது முதலில் வந்தது என்று பார்க்க எனக்கு நிதானமில்லை. அவன் இளகியதாக நான் நினைத்த நாள்தான் அவன் போன நாள். என் காலைப் பற்றி விசாரித்தது அவன் இல்லை. மழையில் துணையிருந்தது அவன் இல்லை. அப்படியானால் நான் ஆசைப்பட்டது யார்மேல்? என்னை எரிச்சல்படுத்திய அந்த இருமல்காரன்மேலா, இதமாகப் பேசிய இந்த டப்பாமேலா? ஆளே இல்லாத ஒன்றிடம் மனசைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். தின்ன ஒன்றுமில்லாத இடத்தில் முட்டை போட்ட ஈ.

விடிந்ததும் எனக்கு ஒரே ஒரு விஷயம் தெளிவாக இருந்தது. ஏமாந்த ஈ அங்கேயே உட்கார்ந்து அழாது. தூரமாகப் போகும்.

பூவின் ஒரு பக்கத்து மகரந்தத்தைத்தான் குப்பியில் அனுப்பியிருந்தேன். மறுபக்கத்தது அப்படியே இருந்தது. அதை ஊசியால் எடுத்துப் புதுக் குப்பியில் அடைத்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டேன். பூவுக்கு எதையும் வைக்கவில்லை. மகரந்தம் ஏற்கும் அதன் உள்வாய் காலியாகவே காத்திருக்கட்டும். செடிக்குத் தண்ணீர் தெளித்தேன். காலையும் செருப்பையும் ஸ்பிரிட் ஊற்றிக் கழுவினேன், போகிற இடத்து மண்ணுக்கு என் மண்ணின் நோய் போகக் கூடாது. கதவைச் சும்மா சாத்திவிட்டு இறங்கினேன்.

ஆனைப்பல்லுக்குப் போக இரண்டு வழி. ஓடை வழி கிட்டம், ஆனால் அங்கே யானை இறங்கியிருந்தது, விடியலில் பிளிறல் கேட்டது. நான் முகடு வழியாகச் சுற்றிப் போனேன். முகட்டில் காற்றுக்கு நின்றுபேசக்கூட ஒரு மரம் கிடையாது, வெறும் பாறையும் புல்லும்தான். அத்தனை வருஷம் மலையில் தனியாக இருந்தவள்தான் நான். ஆனால் அன்றைக்குத்தான் உண்மையில் தனியாக இருந்தேன். அதற்கு முன்னெல்லாம் சாயங்காலம் பேசலாம் என்று ஒரு நினைப்பு கூடவே வரும். இப்போது என் மூச்சுச் சத்தம் மட்டும்தான் வந்தது.

போய் என்ன சொல்வது என்று வழி நெடுக யோசித்தேன். அவனும் என் பேரில் ஒரு டப்பாவோடுதான் இத்தனை நாள் பேசியிருப்பான். என்னைவிட அது நன்றாகப் பேசியிருக்கும். நேரில் நான் போய் நின்றால், இந்தக் கரகரத்த தொண்டைக்காரி யார் என்று கேட்டால்?

வெயில் சாய்கிற நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். என் குடில் மாதிரியே அச்சு அசல் ஒரு குடில். அதே தகரக் கதவு, அதே பச்சை பெயின்ட்.

“செல்வின்!” என்று கூப்பிட்டேன். “அண்ணாச்சி!” என்றும் கூப்பிட்டுப் பார்த்தேன்.

கதவு தாழிடாமல் இருந்தது. உள்ளே யாருமில்லை. கஞ்சிச் சட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது. ஜன்னல் கட்டையில் ஒரு பல்செட்டு தனியாக உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தது. வயர்லெஸ் பெட்டிமேல் ஒரு துணி போட்டு மூடியிருந்தது, இழவு வீட்டுக் கண்ணாடியை மூடுவது மாதிரி. இவனும் போய்விட்டான். நான் வருவதற்கு முன்னாலேயே சலித்துப்போய் இறங்கிவிட்டான் என்று நினைத்தபோது எனக்கு உட்காரக்கூடத் தோன்றவில்லை.

பொழுது இருட்டுமுன் வந்த வேலையை முடிக்கலாம் என்று பின்பக்கம் போனேன். பாறை இடுக்கில் அவன் செடி. அதிலும் ஒரே ஒரு பூ. குனிந்து, பையை மெல்லக் கீழே அழுத்தி உள்ளே பார்த்தேன். உள்வாயில் எதுவும் வைக்கவில்லை. ஆனால் ஒரு பக்கத்து மகரந்தத்தை முன்பே எடுத்திருந்தது, அந்த இடம் காய்ந்திருந்தது. மறுபக்கமும் எடுத்திருந்தது. அது இன்னும் ஈரமாகப் பளபளத்தது. இன்றைக்குக் காலையில் யாரோ ஊசியால் எடுத்திருக்கிறார்கள்.

இறங்கிப் போகிறவன் எதற்கு மகரந்தத்தை எடுத்துக்கொண்டு போகிறான்?

எனக்குக் கை நடுங்கியது. கை நடுங்காததற்காகச் சம்பளம் வாங்குகிறவள் நான். மூச்சை அடக்கி, என் குப்பியைத் திறந்து, என் பூவின் மகரந்தத்தை அவன் பூவுக்குள் வைத்தேன். திருநீறு கொண்டுவரவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. டப்பா அங்கே என் மேசைமேல் இருந்தது.

குடிலுக்குள் திரும்பி வந்தபோது துணிக்கு அடியிலிருந்து ஒரு பொம்பளை பேசினாள்.

“செல்வின், சாப்ட்டியளா? இன்னைக்குக் குளிர் கூடுதலா இருக்குல்லா? இருமலுக்கு மருந்து குடிச்சியளா?”

என் குரல். என் தொண்டை, என் இழுப்பு. ஆனால் இவ்வளவு இனிக்க இனிக்கப் பேசுகிற ஒருத்தி என் வம்சத்திலேயே கிடையாது.  துணியைப் பிடுங்கி எறிந்தேன்.

“வாய மூடு, நாறச்சிறுக்கி!”

“நீங்க சொன்னாச் சரிதான்” என்றாள் அவள். அந்தச் சனியனை உடைக்கலாம் என்று சட்டியைத் தூக்கினேன். அதற்குள் கரகரவென்று ஒரு சத்தம், மேடத்தின் குரல்.

“முப்பிடாதி? நீங்க அங்கயா இருக்கீங்க?”

“இங்கதான் இருக்கேன். செல்வின் எங்க மேடம்?”

மேடத்துக்குச் சிரிப்பா அழுகையா தெரியவில்லை. “உங்க வீட்டுல. இப்பத்தான் சிவப்பு பொத்தானை அழுத்தி என்னைக் கிழி கிழின்னு கிழிச்சார். உங்க பூவுக்கு மகரந்தம் வெச்சுட்டாராம். ஆனா ஆளைக் காணோமேன்னு கத்துறார். ஓடை வழியா வந்தாராம்.”

“அங்கன யானைல்லா நின்னுது!”

“அதையும் திட்டிட்டுத்தான் வந்திருப்பார்.”

“அவியளும் இன்னைக்குத்தான் கெளம்பணுமா?”

“பூ வாடறதுக்குள்ள போகணும்னா உங்க ரெண்டு பேருக்கும் வேற நாள் ஏது?”

 செருப்பை எடுத்து மாட்டப் போனேன். “நான் திரும்பிப் போறேன். அவியள அங்கனயே நிக்கச் சொல்லுங்க.”

“வேண்டாம். நான் சொல்றதக் கேளுங்க. ரெண்டு பூவுலயும் இப்ப நல்ல விதைக்கு வழி வந்திருக்கு. காய் முத்த பத்து மாசம் ஆகும். அதுவரைக்கும் பக்கத்துல ஒரு ஆள் இருந்து தெளிக்கணும், நிழல் பாக்கணும். நீங்க போனா அந்தச் செடிக்கு யாரு? அவரை அங்க வெச்சுக்கிட்டு நீங்களும் அங்க போனா, ஒரு மண்ணுல ரெண்டு பேர் கால். பூஞ்சை தாங்குமா? நீங்களே சொல்லுங்க.”

 அவர் சொன்னது அத்தனையும் எனக்கு முன்பே தெரியும். பத்து மாசம். சினை மாட்டை விட்டுவிட்டுப் போன ஆள் நான் இல்லை.

“அப்பம் பேச்சாவது?” என்றேன். குரல் கீழே இறங்கிப்போயிருந்தது.

மேடம் சொன்னார். “துணைக்குரலை நிறுத்திட்டு நேர் லைனைத் திறந்துவிடறேன். நாளைக்கு வக்கீலுங்க வந்து அடைச்சிடுவாங்க. என்னையும் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. இன்னைக்கு மட்டும் பேசிக்குங்க.”

பிறகு வெறும் இரைச்சல். இரைச்சலுக்குள் யாரோ மூச்சு விட்டார்கள்.

“ஹலோ” என்றது ஒரு ஆண் குரல்.

“ஹலோ.”

“முப்பிடாதியா?”

“ஆமா.”

“அத எப்படி நான் நம்புதது?” என்றது அந்தக் குரல்.

நியாயம்தான். எனக்கும் அதே சந்தேகம்தான். இதுவும் மேடத்தின் இன்னொரு டப்பாவாக இருந்தால்? நல்லதுக்காக ஒரு தடவை ஏமாற்றியவர்கள் இன்னொரு தடவை ஏமாற்ற மாட்டார்களா?

“நீங்க எப்படிக் கண்டுபிடிச்சிய?” என்று கேட்டேன்.

“நீங்க ஏசுதத நிப்பாட்டிட்டியள்லா. நானும் எவ்வளவோ வம்புக்கு இழுத்துப் பாத்தேன். தேங்காய்க்கு இழுத்தேன், பாட்டுக்கு இழுத்தேன். எல்லாத்துக்கும் சரி சரின்னா அது என்ன பொம்பள? எனக்கு ஏச்சு வாங்காம இருக்க முடியல. எங்க, இப்பம் என்னைய ஏசுங்க பாப்போம்.”

கேட்டு வாங்கினால் வருமா? வாயைத் திறந்தேன், ஒரு வார்த்தை வரவில்லை.   அவன் நம்பாமல் வைத்துவிடப் போகிறான் என்று பயமாக இருந்தது.

“மேசை மேல என்ன இருக்கு?” என்றேன் அவசரமாக. “என் மேசை மேல. பாத்துச் சொல்லுங்க.”

“ஒரு லென்சு. ஒரு சீப்பு. அப்புறம் ஒரு தைல டப்பா.”

எனக்கு மூச்சு வந்தது. “அதுக்குள்ள?”

“அத ஏன் கேக்கிய. ஓடையில நனஞ்சு வந்ததுல மண்டையப் பொளக்குத வலி. தைலம்னு நெனச்சு விரலவிட்டு நெத்தி பூரா தேச்சுட்டேன். கண்ணாடியப் பாத்தா பட்டை அடிச்ச மாதிரி இருக்கு. திருநீறு! எங்க பாஸ்டர் பாத்தா என்ன சொல்லுவாரு? அதான் மிச்சத்தையும் வெளிய கொட்டி, டப்பாவக் கழுவி வச்சுட்டேன்.”

“கொட்டிட்டியளா?” என்றேன். “ஏ மூதி! கோட்டி புடிச்ச மூதி! அது எங்க ஊரு இசக்கியம்மன் கோயில் திருநீறு, எத்தன வருசமாக் காப்பாத்தி வச்சிருக்கேன், அதப் போயி... அடுத்த வீட்டுப் பொருளத் தொடலாமா? ஒமக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்கா? பல்லக் கட்டுத கைக்குப் பாத்துத் தொடத் தெரியாதா? தலவலின்னா பேசாமக் கெடக்க வேண்டியதுதான வே!”

 லைன் அறுந்துவிட்டதோ என்று பெட்டியைத் தட்டினேன்.

முதலில் இருமல் கேட்டது. அந்தப் பழைய இருமல். அதற்குப் பிறகுதான் அவன் அழுவது கேட்டது.

“இன்னும் கொஞ்சம் ஏசுங்க” என்றான்.